பதினான்காவது கொத்து

யெல்காவைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் குரலைத்தான் கேட்டேன்.

“நில்லு! அங்கேயே நில்லு! எடுத்த கால கீழ வைக்காத!”

படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்ந்த மாதம் அது. கூபா ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பிளம் மரங்களைக் கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார்கள். படலைத் திறந்து பின்தோட்டத்துக்குள் நுழைந்தவன், ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றேன். தலையில் துணி கட்டிய ஒரு அம்மாள் கோழித் தீவனக் கிண்ணத்தோடு ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இந்தப் பூவை ஒட்டியே வா. பூ இருக்கிற இடத்துல பயமில்ல.”

“எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா.”

“யாரு? காகிதமா? காகிதம் வந்து மிதிச்சுப் பாத்துச்சா?”

அன்று அவளும், பிறகு பக்கத்து வீட்டு யூராவும் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பயம் யெல்காவுக்குப் புதிதில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவள் பயந்தவள் என்று ஊருக்குத் தெரியும். இடி இடித்தால் மேசைக்கு அடியில் போய் உட்காருவாள். வாத்துக் கூட்டம் எதிரே வந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். ஆறு பெருகுகிறது என்று யாராவது சும்மா சொன்னாலும் மாவு மூட்டையைப் பரணில் ஏற்றிவிடுவாள். புருஷன் இம்ப்ரோவுக்கு இது பெரிய வேடிக்கை. ஆள் கதவை அடைத்து நிற்கிற மாதிரி உடம்பு. சிரித்தால் கூரை ஓடு ஆடும்.

“எம் பொண்டாட்டிக்கு நிழலைப் பாத்தாலும் பயம். அதான் மேகம் போட்ட நாள்ல மட்டும் வெளிய வருவா.”

அவள் பயப்படாமல் செய்த ஒரே வேலை பனித்துளிப் பூ வளர்த்ததுதான். கல்யாணமான மறு வசந்தத்தில், காட்டோரம் இருந்த அம்மா வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ஒரு கொத்து கொண்டுவந்தாள். சின்ன வெங்காயம் போலக் கிழங்கு; பனி விலகுவதற்கு முன்பே தலையைக் கவிழ்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூ. பின்தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தின் வலது ஓரத்தில், படல் கம்பத்தை ஒட்டி அதை நட்டாள். பிறகு வருஷத்துக்கு ஒன்று. பூ உதிர்ந்ததும், இலை பச்சையாக இருக்கும்போதே, நன்றாகப் பெருத்த ஒரு கொத்தைத் தோண்டிப் பிரிப்பாள். பாதியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மறு பாதியை வரிசையின் கடைசியில் நடுவாள். இலை காய்ந்த பிறகு பிரித்தால் அடுத்த வருஷம் முகம் காட்டாது. ஒரு கொத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே சரியாக ஒரு மண்வெட்டிக் காம்பு நீளம். கயிறு கட்டித்தான் நடுவாள்.

அவளுக்கு நாள்காட்டி அதுதான். நான்காவது கொத்து மகள் நெவென்கா பிறந்த வருஷம். ஏழாவது, கிணற்றுச் சுவர் இடிந்த வருஷம். பதினான்காவது, இம்ப்ரோ பல்வலியில் இரண்டு நாள் குழந்தை மாதிரி அழுத வருஷம். அதை மட்டும் அவர் முன்னால் சொல்லக் கூடாது.

இருபத்து மூன்று கொத்து ஆனபோது சண்டை வந்தது. ஒரு செப்டம்பர் காலையில் ஊரே வண்டி கட்டிக்கொண்டு ஓடியது. ஐந்து குளிர்காலம் தலைநகரத்தின் ஓரத்தில், அகதிகளுக்குப் போட்ட மரக்கொட்டகையில் கழிந்தது. திரும்பி வந்தது ஒரு மே மாதம். கூரை இல்லை, ஜன்னல் இல்லை. சுவரெல்லாம் கரி. பனித்துளி இலைகள் அதற்குள் காய்ந்து மண்ணோடு போயிருந்தன. இடுப்பளவு புல்.

கண்ணிவெடி எடுக்கிறவர்கள் முன்னாலேயே வந்து வீட்டையும் முற்றத்தையும் கிணற்றுப் பாதையையும் சோதித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு ‘வெடிக்காரர்கள்’ என்று பெயர். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘பின்தோட்டம் பிறகு’ என்று எழுதியிருந்தது. அந்தப் ‘பிறகு’ எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மனுஷனுக்குப் பசி காத்திருக்காதே. வண்டித்தடத்துப் புல்லை இம்ப்ரோ அரிவாளால் வெட்டினார். கோடை முழுக்க ஆடு அங்கேதான் மேய்ந்தது. யெல்காவும் துணி காயப்போடக் கொடி கட்டினாள். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போய்வருவாள்.

அக்டோபரில் அந்த மூடி விவகாரம் நடந்தது. கிணற்றடியில் மழை கரைத்த மண்ணுக்குள் வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தது. யெல்கா கத்திய கத்தலில் தெருவே காலியானது. வெடிக்காரர்கள் மூன்று பேர் வந்து, இரண்டு மணி நேரம் குப்புறப் படுத்துக்கொண்டு, துளித்துளியாக மண்ணை விலக்கி, கடைசியில் வெளியே எடுத்தது ஒரு நீலப் பீங்கான் மூடி. அவள் வீட்டு அவரைச் சட்டியின் மூடியேதான்.

அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் ‘மூடி’. கடைக்குப் போனால், “மூடியக்கா வந்தாச்சு, எல்லாரும் படுங்க!” இம்ப்ரோ அந்த மூடியைப் படலில் ஆணியடித்து மாட்டிவிட்டார். வந்தவர் போனவருக்கெல்லாம் தட்டிக் காட்டுவார்.

அடுத்த வருஷம் பிப்ரவரி கடைசியில் பனி உருகியது. யெல்கா காலையில் படலைத் திறந்தாள். வண்டித்தட ஓரம் முழுக்க வெள்ளை. ஐந்து குளிர்காலம் யாரும் தொடாமல் ஒவ்வொரு கொத்தும் ரொட்டிச் சட்டி அளவுக்குப் பெருத்திருந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே எண்ணினாள். கிணற்று வருஷம், பெரிய வெள்ள வருஷம், நெவென்கா பள்ளிக்கூடம் போன வருஷம்.

பதிமூன்றுக்குப் பிறகு வெறும் புல். அப்புறம் பதினைந்து.

மறுபடி எண்ணினாள். கொட்டிலுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்து, படல் கம்பத்திலிருந்து காம்பால் அளந்தாள். பதினான்காவது இடத்தில் ஒரு இலைகூட இல்லை.

இம்ப்ரோ சோளக்களியில் பால் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கிழவா, பதினாலாவது கொத்து வரல.”

“எலி தின்னிருக்கும்.”

“எலி அதைத் தொடாது. விஷக் கிழங்கு. இத்தனை வருஷத்துல ஒன்னு கடிச்சிருக்கா? பக்கத்துல பதிமூணும் பதினஞ்சும் முழுசா இருக்கு.”

“அப்ப யாராவது தோண்டிட்டுப் போயிருப்பான். அவன் பொண்டாட்டிக்குப் பிடிச்சிருக்கும். எனக்கு வாய்ச்சவளுக்குப் பிடிச்ச மாதிரி.”

“எடுக்கிறவன் முதல் கொத்தை எடுப்பான், இல்ல கடைசிய எடுப்பான். நடுவுல நுழைஞ்சு ஒன்ன மட்டும் ஏன் எடுக்கணும்?”

“அடியே கிழவி, என் பல்லு வலிச்ச வருஷத்துக் கொத்துதானே அது? போனது போகட்டும், நிம்மதி.” சிரித்துவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தார்.

யெல்கா மறுபடி போனாள். இந்த முறை புல்லைப் பார்க்கவில்லை. அதற்கும் அந்தப் பக்கம் இருந்த முள்வேலியின் அடியைப் பார்த்தாள். மூன்று எட்டு தள்ளி, அவள் ஒருநாளும் நடாத இடத்தில், பனித்துளிகள் சிதறிக் கிடந்தன. கொத்தாக இல்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, ஒன்று சரிந்து, ஒன்று வேருக்குப் பக்கத்தில் மடங்கி. குனிந்து ஒன்றின் அடியை விரலால் விலக்கினாள். தண்டு வெளுத்து, விரல் நீளத்துக்கு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஆழத்தில் புதைந்த கிழங்குதான் வெளிச்சத்தைத் தேடி அப்படி நீளும்.

யாரோ பதினான்காவது இடத்தில் மண்வெட்டியைப் போட்டிருக்கிறான். அள்ளிய மண்ணை முதுகுக்குப் பின்னால் வேலி ஓரம் வீசியிருக்கிறான். மண்ணோடு கிழங்கும் போயிருக்கிறது. பிறகு குழியை மூடியிருக்கிறான். வெறுங் குழியை எவனும் மூட மாட்டான். எதையோ வைத்துத்தான் மூடியிருக்கிறான்.

கொடியில் துணி காயப்போட்ட நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை தடவை, எந்த இடத்தில் கால் வைத்தேன்? பின்பக்கமாகவே, தன் சொந்தக் கால் தடத்தின் மேலேயே, படல் வரை நடந்துவந்தாள்.

சொல்லியும் இம்ப்ரோ கேட்கவில்லை. “அந்த இடத்துல ஆடு கட்டிக் கெடந்துச்சு. நீ நூறு தடவை போன, நான் எரநூறு தடவை போனேன். வெடிக்கிறதுன்னா அப்பவே வெடிச்சிருக்காதா? சனிக்கிழமை யூரா டிராக்டர் கொண்டாறான். உருளை நடணும். அஞ்சு வருஷமா அடுத்தவன் கொடுத்த உருளையத் தின்னு நாக்கு செத்துப்போச்சு. உன் பூ முளைக்கலன்னு என் நெலத்தைத் தரிசாப் போட முடியாது.”

புதன்கிழமை சைக்கிளில் தபால் நிலையத்துக்குப் போய், வெடிக்காரர்களுக்குப் போன் போட்டாள்.

“என்ன பாத்தீங்க? கம்பியா, பெட்டியா?” மறுமுனையில் ஒரு ஆண் குரல்.

“ஒன்னும் பாக்கல.”

“பின்ன?”

“ஒரு பூக்கொத்து முளைக்கல.”

“எந்த ஊரு?” என்றது குரல். சொன்னாள். “ஓ... நீங்க அந்த மூடி...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டது. “பட்டியல்ல எழுதிக்கிறேன்மா. ஈஸ்டருக்கு அப்புறம் வருவோம். பக்கத்துல போகாதீங்க.”

வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்கியது அவளுக்குத் தெரிந்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஒருவேளை தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்றும் தோன்றியது. வியாழக்கிழமை முழுவதும் படல் பக்கமே போகவில்லை. ஆனால் ரொட்டிக்கு மாவு பிசையும்போதும், கோழிக்குத் தீவனம் போடும்போதும், வெளுத்து நீண்ட அந்தத் தண்டு கண்ணுக்குள்ளேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி சைக்கிளை எடுத்தாள். இந்த முறை சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள்.

“நாளைக்கு அங்க டிராக்டர் ஓட்டப் போறாங்க. எம் புருஷன் கேக்கமாட்டேங்கறாரு.”

“டிராக்டரா?” குரல் மாறியது. “அம்மா, அதை அன்னைக்கே சொல்லக் கூடாதா? விடாதீங்க. என்ன சொன்னாலும் டிராக்டரை மட்டும் உள்ள விடாதீங்க. சில வெடி இருக்கு, ஆள் மிதிச்சா ஒன்னும் ஆகாது. பாரம் ஏறினாத்தான் வெடிக்கும். செவ்வாய்க்கிழமை வர்றோம்.”

போனை வைத்தாள். ஆடு. துணிக்கொடி. இம்ப்ரோவின் எரநூறு தடவை. எல்லாம் ஒரே நொடியில் அதனதன் இடத்தில் பொருந்தின.

தெருமுனைக்கு வந்தபோதே சத்தம் கேட்டது. யூராவின் டிராக்டர் சத்தத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். அது அவள் வீட்டுப் பின்னாலிருந்து வந்தது. ராத்திரி மழை வரும் என்று வானொலி சொல்லியிருந்ததாம். இன்றைக்கே உழுதுவிடலாம் என்று இம்ப்ரோ கூப்பிட்டுவிட்டார்.

சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினாள். படல் விரியத் திறந்து கிடந்தது. டிராக்டர் உள்ளே போயிருந்தது. ஒடிந்து விழுந்த பிளம் கிளை ஒன்று வழியை அடைத்திருந்ததால் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இம்ப்ரோ முன்னால் போய் கிளையை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடம்?

ஒன்பதாவது கொத்துக்குப் பக்கத்தில் முன்சக்கரம். இம்ப்ரோவின் இரண்டு பூட்ஸும் பதினான்கில்.

கத்தினாள். இயந்திரச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. படலைத் தாண்டக் கால் வரவில்லை. ஒரு குழி இருந்தால் இன்னொன்று இருக்காதா? டிராக்டர் போன தடத்தில் போகலாம். ஆனால் அது ஒன்பதோடு முடிகிறது. அதற்கப்புறம் எங்கே கால் வைப்பது?

பூ.

பூ எங்கே முழுசாக இருக்கிறதோ அங்கே யாரும் தோண்டவில்லை.

கோழி நுழைந்தாலே கல்லெடுத்து எறிகிறவள் அவள். நெவென்கா சின்ன வயதில் ஒரு பூவை மிதித்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பேச்சு வாங்கியிருக்கிறாள். அந்த யெல்கா முதல் கொத்தின் நடுவில் காலை வைத்தாள். பிறகு இரண்டாவது. எட்ட முடியாமல் தாவித் தாவி, நெவென்காவின் வருஷத்தை மிதித்து, கிணற்று வருஷத்தை மிதித்து, தண்டுகள் நறநறவென்று நசுங்க, டிராக்டரையும் கடந்து பன்னிரண்டாவது கொத்தில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

யூரா இயந்திரத்தை நிறுத்தினார்.

“என்ன கூமோ! டான்ஸா?” யூரா நெவென்காவுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் யெல்காவைக் கூமோ என்பார், அவளும் அவரைக் கூமே என்பாள்.

“இறங்காத கூமே. நகராத. கிழவா, நீயும் அசையாத. கையில இருக்கிறதக் கீழ போடாத.”

இம்ப்ரோ பெருமூச்சு விட்டார். “ஆரம்பிச்சுட்டாளா! யூரா, அந்தப் படல்ல இருக்கிற மூடிய எடுத்து இவ தலையில கவுத்துடு.”

“கவுத்துக்கோ. நாளைக்குக் கவுத்துக்கோ. இப்ப அசையாத.”

“அடியே, ஊர் சிரிக்குது...”

“சிரிக்கட்டும்!” அவள் குரல் உடைந்தது. “நீ நிக்கிறது பதினாலாவது கொத்து மேல!”

யூரா அவளைப் பார்க்கவில்லை. தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படலிலிருந்து பன்னிரண்டு வரை, ஒன்றுவிடாமல் ஒவ்வொரு கொத்திலும் ஒரு பெண்ணின் செருப்புத் தடம். வெள்ளைப் பூக்கள் சேற்றில் அப்பிக் கிடந்தன.

“இம்ப்ரோ,” என்றார் மெதுவாக. “கூமோ தன் பூவை மிதிச்சிருக்கா.”

“மிதிச்சா?”

“எல்லாத்தையும் மிதிச்சிருக்காடா. பாரு.”

இம்ப்ரோ பார்த்தார். அப்புறம் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அப்புறம் வேலி ஓரம் சிதறிக் கிடந்த பூக்களை. அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்து போனதை யெல்கா முதன்முதலாக அன்றுதான் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தது இல்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

“யெல்கா,” என்றார். கிழவி என்று சொல்லவில்லை. “எங்க கால வைக்கணும்?”

“பதிமூணுல. உன் இடது பக்கம். பூ மேலயே வை. நடுவுல வை.”

நூறு கிலோ ஆள் நுனிக்காலில் பூவுக்குப் பூ வந்தார். பதிமூன்று. அவள் பின்னால் நகர்ந்து இடம் விட, பன்னிரண்டு. பதினொன்றில் தடுமாறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை நனைந்திருந்தது. அவள் தோளும் நனைந்தது. மூன்று பேரும் படலுக்கு வெளியே வந்தபோது யூரா தொப்பியைக் கழற்றி அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிராக்டரைத் திருப்பி எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்று ராத்திரி வந்த மழையிலும், அடுத்த மூன்று நாளும் அது அங்கேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை டாமிர் வந்தான். மூடியை எடுத்த அதே ஆள். “இன்னிக்கு என்னம்மா, சட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கியவன், வேலி ஓரத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மெல்லிய கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி வயிற்றால் ஊர்ந்தான். ஊரே தெருவில் நின்றது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கையைத் தூக்கினான்.

ரொட்டிச் சட்டி அளவில் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி. சக்கரத் தடத்தில் பாதி, கொத்து இருந்த இடத்தில் பாதி. எதிர்த் தடத்தில் அதற்கு ஜோடியாக இன்னொன்று.

“இதுல இரும்பே இல்ல. எங்க கருவி இதைப் பாட்டுப் பாடாம தாண்டிப் போயிருக்கும்,” என்றான். “எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“எண்ணினேன்,” என்றாள் யெல்கா.

தடத்தைச் சோதித்து டிராக்டரை வெளியே எடுத்த பிறகு, பெட்டிகளை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். புதிதாகப் போட்ட ஜன்னல் கண்ணாடிகள் இரண்டு போயின. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை கொத்துகள் போயின. அந்த நேரம் யெல்கா பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மேசைக்கு அடியில் இருந்தாள். இம்ப்ரோவும் அவள் பக்கத்தில், கால் நீட்ட இடம் போதாமல், மடங்கி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் யூரா மண்வெட்டியோடு வந்து, தன் முன்சக்கரம் நின்ற இடத்திலிருந்து குழி வரை காம்பால் அளந்தார். ஐந்து காம்பு. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இம்ப்ரோ படலிலிருந்த மூடியைக் கழற்றிச் சட்டிக்குத் திருப்பிக் கொடுத்தார். ‘மூடி’ என்று பிறகு ஊரில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் அந்த வசந்தத்தில் பல வீட்டுப் பெண்கள் வந்து, எங்கள் தோட்டத்தில் டூலிப் பூ ஒரு பக்கம் மட்டும் வரவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கொண்டேதான் போனாள். இரண்டு வீட்டில் எலி. ஒரு வீட்டில் எலி இல்லை.

இம்ப்ரோ இறந்து ஆறு வருஷமாகிறது, இதயம் நின்றுவிட்டது. யூரா டிராக்டரை விற்றுவிட்டார். யெல்காவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். வெடித்த இடத்தில் திரும்ப நட்ட ஐந்தையும் சேர்த்து வரிசையில் ஐம்பத்தோரு கொத்து இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் எண்ணுகிறாள். பின்தோட்டத்தை அன்றிலிருந்து இன்றுவரை கையால்தான் கொத்துகிறார்கள். படலுக்குள் யார் நுழைந்தாலும், பூவை ஒட்டி வா என்கிறாள்.